தொண்டு மருத்துவமனைகளும் ஊழியர் நலனும்

மலைப் பகுதிகளிலும் பழங்குடியினர் வாழும் வட்டாரங்களிலும் மருத்துவ வசதியைக் கொண்டு சேர்ப்பதில் தன்னார்வத் தொண்டு நிறுவனங்களுக்குச் சிறப்பான பங்கு உண்டு. இந்நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் நோயாளிகளின் எண்ணிக்கையும் மருந்துச் செலவும் தவறாது இடம் பெறுகின்றன. ஆனால், அங்குப் பணிபுரியும் செவிலியர் எத்தனை இரவுகள் தொடர்ந்து கண்விழித்தனர் என்பது இடம் பெறுவது அரிது. ஊழியர் நலன் என்பது நிதி பெருகிய பின் எண்ண வேண்டிய ஒன்று எனக் கருதப்படுவதே இதற்குக் காரணம். இக்கருத்து அறத்திற்கு மட்டுமன்றிப் பொருளியலுக்கும் ஒவ்வாததாகும்.

சிக்கலின் தன்மை

பணிவழிச் சோர்வு பற்றிய முன்னோடி ஆய்வுரை ஒன்றை அமெரிக்க உளவியலறிஞர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974-இல் வெளியிட்டார். நியூயார்க் நகரின் இலவச மருத்துவ நிலையம் ஒன்றில் தொண்டாற்றிய அனுபவமே அதற்கு அடிப்படை. ஈடுபாடு மிக்கவர்களே இச்சோர்வுக்கு எளிதில் ஆளாகின்றனர் என்பது அவர் கண்ட உண்மை. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் இதனை நோய் என வகைப்படுத்தாது, பணிச்சூழல் சார்ந்த நிகழ்வு என வரையறுத்தது. ஆற்றல் வற்றிப்போதல், பணியிலிருந்து மனம் விலகுதல், செயல்திறன் குன்றுதல் ஆகிய மூன்றும் இதன் கூறுகள். எனவே, சோர்வுக்கு ஊழியரின் மனவலிமைக் குறைவைக் காரணம் காட்டுவது பொருந்தாது. பணி அமைக்கப்பட்டுள்ள முறையையே முதலில் ஆராய வேண்டும்.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக, ஒரு சிறு மருத்துவமனையில் நாளொன்றுக்கு மூன்று முறைப்பணிகள் எனவும், ஒவ்வொன்றிலும் இரு செவிலியர் தேவை எனவும் கொள்வோம். வாரத்திற்கு 42 பணிகளுக்கு ஆள் வேண்டும். 6 செவிலியர் வாரம் ஒரு நாள் ஓய்வு பெற்றால் 36 பணிகளையே ஆற்ற இயலும். எஞ்சிய 6 பணிகளும் அவர்களுடைய ஓய்வு நாட்களிலிருந்தே எடுக்கப்படுகின்றன. ஏழாவது செவிலியை நியமிக்காததால் நிறுவனம் மிச்சப்படுத்தும் ஊதியத்தை, ஏனைய அறுவரும் தம் ஓய்வால் செலுத்துகின்றனர் என்பதே இதன் பொருள்.

அறுவரில் ஒருவர் விலகினால் பற்றாக்குறை 6-லிருந்து 12 ஆகிறது. ஒருவரின் விலகல் மற்றவரின் விலகலுக்கு வழிகோலுகிறது. புதியவரைத் தேடிப் பயிற்சி அளிக்கும் செலவும், அதுவரை நோயாளிகளுக்கு நேரும் இடரும் இதனுடன் சேர்கின்றன.

செய்யத் தக்கவை

முறைப்பணி அட்டவணையை ஒரு மாதம் முன்னதாகவே அறிவித்தல், கடும் நோயாளிகளைக் கவனிக்கும் பணியையும் எளிய பணியையும் மாறி மாறி அளித்தல், பெண் ஊழியர்க்குத் தாழ்ப்பாளுள்ள ஓய்வறையும் கழிப்பறையும் அமைத்தல், இரவில் பாதுகாப்பாக வீடு திரும்ப ஏற்பாடு செய்தல் ஆகியவற்றிற்குப் பெருநிதி தேவையில்லை. கல்லீரல் அழற்சி 'பி' தடுப்பூசியும், பயன்படுத்திய ஊசிகளைப் போடும் துளைபடாத கலங்களும் இன்றியமையாதவை.

ஊழியர் ஒருவரோடொருவர் கலந்து பேசும் வாய்ப்பும் தேவை. ரஜனிகாந்த் ஆரோளே, மேபல் ஆரோளே இணையர் 1970-இல் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் தொடங்கிய ஊரக நல்வாழ்வுத் திட்டம் இதற்குச் சான்று. எழுத்தறிவு குறைந்த கிராமப் பெண்களே அங்கு நல்வாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்றுவிக்கப்பட்டனர். ஒரு முறைப் பயிற்சியோடு அவர்கள் விட்டுவிடப்படவில்லை; தொடர்ந்து கூடித் தம் இடர்ப்பாடுகளைப் பகிர்ந்து, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றனர். கிராமத்தில் தனித்து நிற்பவருக்கு இத்தகைய கூட்டமே பக்கபலமாகும்.

எனினும், யோகப் பயிற்சியோ பாராட்டு விழாவோ ஏழாவது செவிலிக்கு ஈடாகாது. அவரை நியமிக்க இயலாத நிறுவனம் புறநோயாளர் நாட்களையோ கட்டில்களையோ குறைத்துக் கொள்வதே நேர்மையான வழி. இது கடினமான முடிவுதான். ஆயினும், பணியாளரின்றி மருத்துவமனையே மூடப்படுவதை விட இது மேலானது.

அரசும் கொடையாளரும்

10 பேருக்கும் குறைவானோர் உள்ள பணியிடமாயினும் பெண்கள் பாதுகாப்பற்றவர்கள் அல்லர். 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, உள்ளகக் குழு அமையாத சிறு நிறுவனங்களின் ஊழியர் மாவட்ட அளவிலான குழுவிடம் முறையிடலாம். மனநலப் பிரச்சினைகளுக்கு, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அணுகலாம்.

நிதியுதவியைப் பொறுத்தவரை, வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 2020-இல் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. எனினும், மருத்துவமனை மருத்துவர்களின் ஊதியம் போன்று, நிறுவனத்தின் நோக்கத்தை நேரடியாக நிறைவேற்றும் செலவுகள் விதிகளின்படி இவ்வரம்பில் அடங்குவதில்லை. ஆகவே, மாற்றுச் செவிலியின் ஊதியத்தைச் சிகிச்சைச் செலவாகவே கருதித் திட்ட மதிப்பீட்டில் தொடக்கத்திலேயே காட்டுவது அவசியம். கொடையாளரும் மதிப்பீட்டை ஆராயும் அலுவலர்களும் எத்தனை கட்டில்கள் என்று கேட்பதோடு, ஊழியர்க்கு வார ஓய்வு கிடைக்கிறதா என்றும் கேட்பாராயின் நிலைமை சீர்படும்.

தொண்டுள்ளம் விலைமதிப்பற்ற செல்வம். அதனை வரையறையின்றிச் செலவிடாது பேணிக் காப்பதே நல்ல நிர்வாகத்தின் இலக்கணமாகும்.