முதல் ரூட்டர் வாங்கப் போறீங்களா? கையில் இருக்கிற 7,000 ரூபாயை இப்படிப் பிரிச்சுப் பாருங்க!

அம்பத்தூர், அயப்பாக்கம், ஆவடி, பூந்தமல்லி... இந்தப் பக்கம் புதிதாகக் கட்டிய ஃப்ளாட் ஏதாவது ஒன்றில் எட்டிப் பாருங்கள். ஹாலில் ப்ளைவுட் அடுக்கியிருக்கும். யாராவது ஒருவர் வார்ட்ரோப் கதவுக்கு மைக்கா ஒட்டிக்கொண்டிருப்பார். ஒட்டியதும் வேலை முடியாது. கதவின் நான்கு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் மைக்காவை அரத்தால் ராவி எடுக்க வேண்டும். அதே வேலையை ரூட்டர் சில நிமிடங்களில் முடித்துவிடும். ஓரமும் பிசிறில்லாமல் வரும்.

நாள் கூலியிலிருந்து சொந்தமாக வேலை பிடிக்கத் தொடங்கும் தச்சருக்கு டிரில்லும் கட்டிங் மெஷினும் ஏற்கெனவே இருக்கும். அடுத்த கனவு ரூட்டர்தான். ஆனால் சீட்டு எடுத்த பணத்திலோ, வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த பணத்திலோ வாங்கும் பொருள் அது. தவறான மெஷினை வாங்கினால் மூலையில் தூங்கும். தவறான பிட்டை மாட்டினால் விரலுக்கே ஆபத்து.

பெரியதா, சின்னதா?

ரூட்டரில் இரண்டு வகை. ஒரு கையில் பிடிக்கும் சின்னதை 'டிரிம்மர்' என்கிறார்கள். இருபுறமும் கைப்பிடி வைத்து, மேலிருந்து மரத்துக்குள் அழுத்தி இறக்குவது 'பிளஞ்ச் ரூட்டர்'.

போஷ் ஜி.கே.எஃப் 550 ஒரு டிரிம்மர். 550 வாட் மோட்டார், நிமிடத்துக்கு 33,000 சுற்று. மகிட்டா 3612 ஒரு பிளஞ்ச் ரூட்டர். 1,650 வாட், 22,000 சுற்று, எடை 6 கிலோவை ஒட்டி இருக்கும்.

வாட் அதிகம் என்பதற்காகப் பெரியதை வாங்கிவிடாதீர்கள். மைக்கா ஓரம் வெட்டுவது, ப்ளைவுட் விளிம்பை உருட்டுவது, டிராயர் அடிப்பலகைக்குக் காடி எடுப்பது ஆகிய மூன்றுக்கும் டிரிம்மர் போதும். ஃப்ளாட் வேலையில் அதிகம் வருவதும் இவைதான். கப்போர்டு கீலுக்கான 35 மி.மீ குழியை டிரில்லிலேயே போட்டுவிடலாம். தேக்குக் கதவில் பூட்டுக்கு ஆழமாகத் துளை எடுப்பது, அகலமான டிசைன் போடுவது என்று வேலை வரும்போது பெரியதைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை உளி இருக்கிறது.

அந்த 0.35 மி.மீ!

பிட்டைப் பிடித்துக்கொள்ளும் பாகம் காலெட். சின்ன மெஷின்களில் அது 6 மி.மீ அல்லது கால் இஞ்ச், அதாவது 6.35 மி.மீ அளவில் இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். கால் இஞ்ச் பிட், 6 மி.மீ காலெட்டுக்குள் நுழையாது. 6 மி.மீ பிட்டோ கால் இஞ்ச் காலெட்டுக்குள் சுலபமாக நுழைந்துவிடும். ஆபத்தே அதில்தான். சரியான பிடிமானம் இல்லாமல், 30,000 சுற்றில் ஓடும்போது பிட் வெளியே வரலாம்.

எனவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல, காலெட் அளவு. உங்கள் பகுதிக் கடையில் எந்த அளவு பிட் எப்போதும் கிடைக்கிறதோ, அந்த அளவு காலெட் உள்ள மெஷினை வாங்குங்கள். பிட்டை மாட்டும்போது முழுதாக உள்ளே தள்ளி, 2-3 மி.மீ வெளியே இழுத்து, பிறகு இறுக்குங்கள்.

7,000 ரூபாய் கணக்கு

மொத்தப் பணத்தையும் மெஷினுக்கே கொடுத்துவிட்டு, பெட்டியோடு வரும் பிட்டை வைத்தே சமாளிப்பது பலரும் செய்யும் தவறு. இப்படிப் பிரித்துப் பாருங்கள்:

மெஷினுக்கு 4,500. பிட்டுகளுக்கு 1,500. மாஸ்க், கண்ணாடி, காதடைப்பானுக்கு 500. இரண்டு கிளாம்புக்கு 500.

விலை கடைக்குக் கடை மாறும். ஆனால் மூன்றில் ஒரு பங்கையாவது மெஷினைத் தவிர மற்றவற்றுக்கு ஒதுக்குங்கள்.

பதினைந்து பிட் உள்ள மலிவு செட்டைவிட மூன்று நல்ல பிட் மேல். பேரிங் வைத்த டிரிம் பிட், 6 மி.மீ நேர் பிட், ஓரத்தை உருட்டும் ரவுண்ட் ஓவர் பிட் ஆகியவை போதும். முனையில் கார்பைடு இருக்க வேண்டும். ப்ளைவுட்டில் இருக்கும் பசை சாதாரண ஸ்டீல் முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும்.

காடி எடுக்கத் தனி கைடு தேவையில்லை. நேரான ரீப்பர் ஒன்றைப் பலகை மேல் கிளாம்பில் இறுக்கி, மெஷினின் அடித்தட்டை அதை ஒட்டியே தள்ளினால் கோடு நேராக வரும்.

எங்கே வாங்குவது?

ஆவடியிலோ அம்பத்தூரிலோ பீச் ரயில் ஏறினால் பாரிமுனைக்குப் போய்விடலாம். அங்கே செம்புதாஸ் தெருப் பக்கம் மெஷின் டூல்ஸ் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நாலு கடை ஏறி இறங்கிக் கையில் பிடித்துப் பாருங்கள். கார்பன் பிரஷ், காலெட் இரண்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். பில் இல்லாமல் வாங்காதீர்கள். வாரன்ட்டிக்கு அதுதான் ஆதாரம். செகண்ட் ஹேண்ட் என்றால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சத்தம் கரகரத்தாலோ, பிட் மாட்டிய பின் ஆடினாலோ விட்டுவிடுங்கள்.

விரல் முக்கியம்

பலகையின் வெளி ஓரத்தைச் சுற்றி வரும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மெஷினைத் தள்ளுங்கள். உள்ளே வெட்டிய ஓட்டையின் ஓரம் என்றால் கடிகாரத் திசையில். மாற்றித் தள்ளினால் மெஷின் கையை மீறி ஓடும். ஒரே தடவையில் ஆழமாக வெட்டாமல், 3 மி.மீ, 3 மி.மீ ஆக இறங்குங்கள். வேகத்தைக் குறைக்கும் வசதி இல்லாத டிரிம்மரில் அகலமான பிட் மாட்டவே கூடாது. பிட் மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

தூசியும் சாதாரண விஷயம் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. கைக்குட்டை போதாது, என்95 மாஸ்க் அணியுங்கள்.

அரசு உதவி உண்டா?

15,000 ரூபாய்க்குக் கருவிகள் வாங்க உதவும் ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தை இப்போதைய வடிவில் செயல்படுத்த மாட்டோம் என்று தமிழக அரசு 2024 நவம்பரில் தெரிவித்தது. அதற்கு மாற்றாக, 2025 ஏப்ரல் 19 அன்று பூந்தமல்லிக்குப் பக்கத்தில் உள்ள குன்றத்தூரில் 'கலைஞர் கைவினைத் திட்டம்' தொடங்கப்பட்டது. மர வேலையும் அதில் உண்டு. 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவிகிதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம் என்று அறிவிக்கப்பட்டது. வயது 35 ஆகியிருக்க வேண்டும். அம்பத்தூர்க்காரர்கள் சென்னை மாவட்டத்திலும், ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் திருவள்ளூர் மாவட்டத் தொழில் மையத்திலும் இப்போதைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு டிரிம்மருக்காக லட்சக்கணக்கில் கடன் வேண்டாம். முதலில் சின்னதை வாங்குங்கள். வேலை பெருகி, அது போதவில்லை என்று உங்கள் கையே சொல்லும்போது பெரியதற்குப் போங்கள். அந்தப் பணத்தைச் சின்னதே சம்பாதித்துக் கொடுத்திருக்கும்.