பிராங்கின் கால்வாய்க் கரையில் நடப்போம்: மூத்த குடிமக்களுக்கான வழிகாட்டி

ஜார்ஜ்டவுனில் நெடுங்காலம் வாழ்ந்தவர்களுக்கு சியா போய் என்ற பெயர் புதிதல்ல. விடியற்காலையில் பையை எடுத்துக்கொண்டு மீனும் காய்கறியும் வாங்கப் போன பழைய பிராங்கின் சந்தை இருந்த இடம் அது. 2004-ஆம் ஆண்டில் அந்தச் சந்தை மூடப்பட்டது. அதன் பிறகு பல ஆண்டுகள் அந்தப் பக்கம் போக நமக்குக் காரணமே இல்லாமல் இருந்தது.

இப்போது காரணம் இருக்கிறது. கொம்தார் கோபுரத்தின் அருகிலேயே, சந்தை இருந்த அதே இடத்தில், சியா போய் நகர்ப்புறத் தொல்லியல் பூங்கா 2019-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. புல்வெளி, நிழல் மரங்கள், உட்கார இருக்கைகள், நடுவே சுத்தப்படுத்தப்பட்ட பழைய கால்வாய் எல்லாம் அங்கே உள்ளன. அங்கே எப்படிப் பாதுகாப்பாக நடப்பது, சைக்கிள் ஓட்டலாமா, படகில் போக ஆசைப்பட்டால் என்ன செய்வது என்பதை இந்தக் கையேடு விளக்குகிறது.

கால்வாயின் கதை

பிராங்கின் கால்வாய் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்டது. அன்றைய ஜார்ஜ்டவுன் நகரத்தின் எல்லை அதுதான். 'சியா போய்' என்ற ஹொக்கியன் சொல்லுக்கு 'ஊரின் கடைசி' என்று பொருள். கடலிலிருந்து சிறிய படகுகள் சரக்குகளை ஏற்றிக்கொண்டு கால்வாய் வழியாக உள்ளே வந்தன. சரக்கு வந்து இறங்கிய இடத்தில் சந்தை வளர்ந்தது. பிறகு சாலையும் லாரியும் வந்தன. படகுகள் நின்றன. கால்வாய் சாக்கடையாக மாறியது. மூக்கைப் பொத்திக்கொண்டு அதைக் கடந்து போனது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

2015-ஆம் ஆண்டில் அங்கே கட்டுமானப் பணி நடந்தபோது, கால்வாயின் பழைய கற்சுவர்களும் கட்டட அடித்தளங்களும் மண்ணுக்கு அடியிலிருந்து வெளிப்பட்டன. அவற்றைக் காப்பாற்றிப் பூங்காவாக அமைக்க முடிவு செய்யப்பட்டது. இன்று அந்தக் கற்சுவர்களை நீங்கள் நேரிலேயே பார்க்கலாம். தென் கொரியாவின் சியோல் நகரத்திலும் இப்படித்தான் நடந்தது. மேம்பாலச் சாலைக்கு அடியில் மூடிக் கிடந்த சியோங்கேசியோன் ஓடையை 2005-ஆம் ஆண்டில் திறந்து, மக்கள் நடக்கும் இடமாக மாற்றினார்கள்.

தண்ணீர்க் கரை என்பது பினாங்குத் தமிழருக்கு அந்நியமானதல்ல. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும், வண்ணாந்துறையில் ஆற்று நீரில் துணி துவைத்தவர்களும் நம் பெற்றோரும் பாட்டன்மாரும்தான். அவர்களுடைய கால்கள் நாள் முழுதும் உழைத்தன. நம்முடைய கால்களோ நாற்காலிக்கும் தொலைக்காட்சிக்கும் இடையில் பலம் இழந்து வருகின்றன.

ஏன் நடக்க வேண்டும்?

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, அதாவது இனிப்பு நீர், உள்ளது. ஏறக்குறைய ஐவரில் ஒருவர். இந்தியர்களிடையே இந்த விகிதம் மற்ற இனத்தவரைவிட அதிகம். நடக்கும்போது கால் தசைகள் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்துகின்றன. சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் நடந்தால்கூட சர்க்கரை அளவு ஏறுவது குறையும். ரத்தக் கொதிப்பு கட்டுப்படவும், இரவில் நன்றாகத் தூங்கவும் நடை உதவுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஒருமுறை விழுந்தவர், மறுபடியும் விழுந்துவிடுவோமோ என்று பயந்து வீட்டிலேயே இருந்துவிடுகிறார். "வெளியே போகாதீங்கம்மா, விழுந்துடுவீங்க" என்று பிள்ளைகளும் அன்போடு தடுக்கிறார்கள். ஆனால் நடக்காமல் இருந்தால் தொடைத் தசைகள் மெலிகின்றன, உடலின் சமநிலை குறைகிறது. அதனால் விழும் ஆபத்து இன்னும் கூடுகிறது. பயத்தால் உட்கார்ந்துவிடுவதைவிட, பாதுகாப்பான இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதே விழாமல் இருக்க வழி. இந்த விஷயத்தை உங்கள் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள்.

எவ்வளவு நடப்பது?

வாரத்தில் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான வேகத்தில் உடலை அசைக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாள்களாவது சமநிலைக்கும் தசை வலிமைக்கும் உரிய பயிற்சிகளைச் செய்ய வேண்டும். இதைக் கேட்டு மலைக்க வேண்டாம். முதல் நாளே 150 நிமிடம் யாரும் நடப்பதில்லை.

• முதல் இரண்டு வாரம்: பூங்காவுக்குள் மட்டும் நடங்கள். 10 நிமிடம் போதும். களைத்தால் உட்காருங்கள்.
• மூன்றாம், நான்காம் வாரம்: 15 நிமிடம் நடந்து, ஓய்வெடுத்து, இன்னொரு 5 நிமிடம் நடங்கள்.
• அதன் பிறகு: வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் என்ற அளவை எட்டுங்கள். காலையில் 15, மாலையில் 15 என்று பிரித்துக்கொண்டாலும் பலன் உண்டு.

வேகம் சரிதானா என்று அறிய எளிய வழி: நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. பேசவே மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.

பூங்கா இருக்கையிலேயே ஒரு பயிற்சி செய்யலாம். கைகளை ஊன்றாமல் இருக்கையிலிருந்து எழுந்து நில்லுங்கள், மெதுவாக உட்காருங்கள். முடியாவிட்டால் கையை ஊன்றிக்கொள்ளலாம். ஐந்து முறையில் தொடங்கிப் பத்து முறைக்கு வாருங்கள். குளியலறையில் எழும்போதும் பஸ்ஸில் ஏறும்போதும் இந்தத் தொடை பலம்தான் உங்களைத் தாங்கும்.

எந்த வழியில் நடப்பது?

காரில் போகத் தேவையில்லை. ரேப்பிட் பினாங்கு பஸ்கள் பலவும் கொம்தாரில் நிற்கின்றன. நகரத்துக்குள் சுற்றும் இலவச 'கேட்' பஸ்ஸும் உண்டு. சாலையைக் கடக்கும்போது அவசரப்பட வேண்டாம். பச்சை விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால், அடுத்த பச்சைக்குக் காத்திருங்கள்.

பூங்காவில் நடந்து பழகியவர்கள், காத் ஜாலான் பிராங்கின் வழியாகக் கடலை நோக்கி நடக்கலாம். பங்காளான் வெல்ட் சாலையை அடைந்தால், சீனர்களின் குலப் பெயர் கொண்ட மரப்பாலக் குடியிருப்புகளைக் காணலாம். அங்கிருந்து கரையோரமாகவே ஃபெரி நிலையத்துக்கு வந்து, பஸ் பிடித்து வீடு திரும்பலாம். போன வழியிலேயே திரும்பி நடக்கும் கட்டாயம் இல்லை என்பதால் களைப்பு குறைவு.

பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையில் கவனம் தேவை. ஒவ்வொரு கடைக்கும் தரை உயரம் மாறும், திடீரென்று ஒரு படி வரும், மோட்டார் சைக்கிள் நிறுத்தியிருப்பார்கள். மழை பெய்த பிறகு ஓடுகள் வழுக்கும். மரப்பாலங்களில் பலகைகளுக்கு இடையே இடைவெளி இருக்கும். கைத்தடி ஊன்றுபவர்கள் அங்கே அதன் நுனி சிக்காமல் பார்த்து வையுங்கள்.

சைக்கிள் ஓட்டலாமா?

வழக்கமாக சைக்கிள் ஓட்டுபவராக இருந்தால் தொடர்ந்து ஓட்டலாம். மூட்டு வலி உள்ளவர்களுக்கு நடையைவிட சைக்கிள் சுலபமாக இருக்கும், ஏனென்றால் உடல் எடை முழுவதும் முழங்காலில் விழுவதில்லை. ஆனால் பல ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் தொடங்குபவர்கள் கொம்தார் சுற்றுவட்டச் சாலைகளில் தொடங்க வேண்டாம். துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலையை ஒட்டி சைக்கிளுக்கென்றே தனிப் பாதை உள்ளது. முதலில் அங்கே காலை வேளையில் பழகுங்கள்.

தலைக்கவசம் அணியுங்கள். இருக்கையில் உட்கார்ந்தபடி இரண்டு கால்களும் தரையைத் தொடும் அளவுக்கு இருக்கையைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள்ளும் நெரிசலான இடங்களிலும் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். தலைசுற்றல், வலிப்பு நோய், பார்வைக் குறைவு உள்ளவர்கள் சைக்கிளைத் தவிர்ப்பது நல்லது.

படகில் போக ஆசையா?

பிராங்கின் கால்வாயில் இன்று படகு ஓடுவதில்லை. ஆனால் நடை முடியும் இடத்திலேயே ஃபெரி இருக்கிறது. பினாங்குத் தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே 1894-ஆம் ஆண்டு முதல் ஃபெரி சேவை நடந்து வருகிறது. நமக்குப் பழக்கமான இரண்டு அடுக்கு ஃபெரிகள் ஓய்வு பெற்றுவிட்டன. 2023-ஆம் ஆண்டு முதல் புதிய ஃபெரிகள் ஓடுகின்றன. அக்கரைக்குப் போய்த் திரும்பும் பயணம் மனத்துக்கு இதமானது. பேரப்பிள்ளைகளையும் அழைத்துப் போகலாம்.

ஃபெரி முழுவதும் நிற்கும்வரை இருக்கையை விட்டு எழாதீர்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் கைப்பிடியைப் பிடியுங்கள். மற்றவர்கள் முன்னால் போகட்டும், நீங்கள் நிதானமாகப் போங்கள்.

புறப்படும் முன் கவனிக்க வேண்டியவை

நேரம்: காலை 9 மணிக்கு முன் அல்லது மாலை 5 மணிக்குப் பின். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியே நடக்க வேண்டாம். வீட்டுக்குள்ளேயே நடங்கள். இடி இடித்தால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

தண்ணீர்: தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். அடிக்கடி சிறுநீர் வரும் என்று பயந்து பலர் தண்ணீரைக் குறைக்கிறார்கள், 'நீர் மாத்திரை'யை விட்டுவிடுகிறார்கள். இரண்டும் ஆபத்து. மாத்திரை சாப்பிடும் நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கழிப்பறை எங்கே உள்ளது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இதய நோய் அல்லது சிறுநீரக நோயால் தண்ணீருக்கு அளவு சொல்லப்பட்டிருந்தால், அந்த அளவை மீறாதீர்கள்.

காலணி: ஜப்பான் சிலிப்பர் வேண்டாம். பின்புறம் மூடிய, வழுக்காத சப்பாத்து அணியுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். கல் குத்தினாலும் தெரியாது. புறப்படும் முன் சப்பாத்துக்குள் கையை விட்டுப் பாருங்கள். வீடு திரும்பியதும் பாதத்தின் அடியையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். கொப்புளம், வெட்டு, சிவப்பு இருந்தால் அதே வாரம் கிளினிக்கில் காட்டுங்கள். சிறு புண்ணை அலட்சியப்படுத்தியதால் விரலையோ காலையோ இழந்தவர்கள் உண்டு.

சர்க்கரை குறைதல்: இன்சுலின் போடுபவர்களும் சில வகை நீரிழிவு மாத்திரை சாப்பிடுபவர்களும் வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் தோன்றினால் உடனே உட்காருங்கள். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள், அல்லது இனிப்புப் பானம் குடியுங்கள். 15 நிமிடம் கழித்தும் சரியாகாவிட்டால் மறுபடியும் குடித்து உதவி கேளுங்கள். சர்க்கரைப் பொட்டலம் எப்போதும் பையில் இருக்கட்டும். நடை முடிந்து நண்பர்களுடன் குடிப்பது மட்டும் தே ஓ கோசோங்காக இருக்கட்டும்.

கால்வாய் நீர்: பார்ப்பதற்கு மட்டும். கை கால் நனைக்க வேண்டாம், காலில் புண் இருந்தால் கட்டாயம் வேண்டாம். எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக் காய்ச்சல் வரக்கூடும். கொசுக்கடியைத் தவிர்க்க நீண்ட கால்சட்டை அணியுங்கள், கொசு விரட்டி மருந்து தடவுங்கள். பிறகு காய்ச்சல், கடுமையான உடல்வலி வந்தால் கிளினிக்குக்குப் போங்கள். டெங்கியாக இருக்கலாம் என்பதால் நீங்களாக ஆஸ்பிரின் சாப்பிட வேண்டாம். இதயத்துக்காக மருத்துவர் ஆஸ்பிரின் கொடுத்திருந்தால், காய்ச்சல் பற்றிச் சொல்லும்போதே அதையும் சொல்லுங்கள்.

துணை: முதல் சில நாள் ஒருவரோடு போங்கள். மைகார்டு, மருந்துகளின் பட்டியல், வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவை உங்களிடம் இருக்கட்டும்.

உடனே நிறுத்த வேண்டிய நேரம்

நெஞ்சு வலி அல்லது இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சுத்திணறல், மயக்கம், முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் செயலிழத்தல், பேச்சுக் குளறுதல்: இவற்றில் எது வந்தாலும் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். உட்கார்ந்து 999-ஐ அழையுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரை அழைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: நான் எவ்வளவு தூரம் நடக்கலாம்? என் மருந்துகளால் மயக்கம் வருமா? என் பாதங்களைச் சோதித்துப் பார்க்க முடியுமா? அதன் பிறகு ஒரு நாள் காலையில் பழைய சந்தைப் பக்கம் போய் வாருங்கள். அங்கே வெறும் பத்து நிமிடம் நடந்தாலும் அது நல்ல தொடக்கமே.