அருந்ததி பார்ப்பதில் தொடங்கலாம் வானியல்

உலு திராம்: 2019 டிசம்பர் 26-ஆம் தேதி பிற்பகலில், ஜொகூரின் தென்பகுதியில் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்தது. அதே கிரகணத்தை அன்று யாழ்ப்பாணத்திலும் தமிழகத்தின் சில ஊர்களிலும் நம்மவர்கள் பார்த்தார்கள். அப்போது வியந்து நின்ற தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். அந்த ஆர்வத்தை எப்படி வளர்ப்பது?

“தொலைநோக்கி வாங்க வசதி இல்லை” என்று பல வீடுகளில் பேச்சு முடிந்துவிடும். முதல் பாடத்துக்குக் கண்களே போதும்.

திருமணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கிறோம். பகலில் வானத்தைக் கைகாட்டுவதோடு சரி. இரவில் அதைத் தேடிப் பார்த்தவர்கள் குறைவு. மே மாதம் இரவு 9 மணிக்கு மேல் வடக்கே பாருங்கள். அகப்பை வடிவில் ஏழு நட்சத்திரங்கள் இருக்கும். அதுவே சப்தரிஷி மண்டலம். அகப்பைக் காம்பின் நுனியிலிருந்து இரண்டாவது வசிட்டர். அதை ஒட்டி மங்கலாக இருப்பது அருந்ததி. அப்படியே தெற்கே திரும்பினால் தென்சிலுவை தெரியும். உலு திராம் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் இரண்டும் நமக்குத் தெளிவாகக் கிடைக்கின்றன. லண்டனில் இருப்பவருக்குத் தென்சிலுவை தெரியவே தெரியாது.

அடுத்தது பைனாகுலர். நிலவின் பள்ளங்களைப் பௌர்ணமியைவிட அரைநிலவில் நன்றாகப் பார்க்கலாம். அப்போதுதான் நிழல் விழும். கை ஆடாமல் சுவரில் ஊன்றிப் பிடித்தால் வியாழனின் நான்கு நிலவுகளும் புள்ளிகளாகத் தெரியும். தினமும் அவற்றை நோட்டில் வரைந்தால் இடம் மாறுவது புரியும். சூரியனை மட்டும் பைனாகுலரில் பார்க்கவே கூடாது, பார்வை போய்விடும்.

வரைந்து வைக்கும் பழக்கம் சாதாரணமானதல்ல. அமெரிக்க விவசாயியின் மகன் கிளைட் டோம்பா, பழைய இயந்திரப் பாகங்களைக் கொண்டு தொலைநோக்கி செய்தார். அதில் பார்த்த செவ்வாயையும் வியாழனையும் வரைந்து லோவல் வானாய்வகத்துக்கு அனுப்பினார். வேலை கிடைத்தது, 1930-இல் புளூட்டோவைக் கண்டுபிடித்தார். 1927-இல் சென்னையில் பிறந்த வைணு பாப்புவும் மாணவப் பருவத்திலேயே விண்மீன்களைக் கவனித்தவர். 1949-இல் கண்டறிந்த வால்நட்சத்திரம் அவர் பெயரையும் தாங்குகிறது. தமிழகத்தின் காவலூரில் உள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கும் அவர் பெயர்தான்.

ஜொகூர் பாருவின் விளக்கொளி ஆண்டுக்கு ஆண்டு நம் பக்கம் நெருங்குகிறது. தோட்டப்புறங்களில் இன்னும் ஓரளவு இருள் மிச்சம் இருக்கிறது. பிள்ளை வானத்தைக் காட்டிக் கேள்வி கேட்டால், வாசல் விளக்கை அணைத்துவிட்டு நீங்களும் உடன் நில்லுங்கள். கண்கள் இருளுக்குப் பழக இருபது நிமிடம் ஆகும்.