கல்யாணக் கேமரா – 9: மேடை வெளிச்சமும் நிற்கும் இடமும்

கல்யாண மண்டபத்தில் போட்டோகிராபருக்குச் சொந்தமான வெளிச்சம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. மேடை அலங்காரக்காரர் போட்ட மஞ்சள் பல்பு, மண்டபக்காரர் மாட்டிய டியூப் லைட், வீடியோக்காரரின் எல்இடி பேனல், மணமக்கள் பெயர் ஓடும் எல்இடி திரை, நடுவில் ஹோம குண்டத்து நெருப்பு. எல்லாம் அவரவர் வசதிக்கு எரிகின்றன. எதையும் அணைக்கச் சொல்ல முடியாது. போட்டோகிராபரால் தாராளமாக நகர்த்த முடிந்தது தன் கால்களைத்தான். அதனால் இந்தத் தொழிலில் வெளிச்சம், போஸ் இரண்டும் கடைசியில் எங்கே நிற்பது என்ற கேள்வியில் வந்து நிற்கின்றன.

அந்தக் கேள்விக்கான விடையை முந்தின நாள் மாலையிலேயே தேடத் தொடங்க வேண்டும். ரிசப்ஷனுக்கு வரும்போது மேடையை ஒரு சுற்றுச் சுற்றி, கிழக்கு எது, ஜன்னல் எங்கே, மணவறை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொள்வது அனுபவஸ்தர்களின் பழக்கம். மணமக்களைக் கிழக்கு முகமாக உட்கார வைப்பதே வழக்கம். சென்னையில் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 5.40க்கும் 6.35க்கும் இடையில் உதிக்கிறது. நாலரை மணி முகூர்த்தம் என்றால் ஜன்னல் கறுப்புச் சதுரம்தான். ஏழரை மணி முகூர்த்தத்தில் அதே ஜன்னல் பெரிய விளக்காகிவிடும். பெண்ணின் கன்னத்தில் விழும் அந்த மென்மையான ஒளிக்கு எந்தக் கடையிலும் விலை கொடுக்க முடியாது. அதன் குறுக்கே அலங்காரத் துணி வருகிறதா என்று மாலையிலேயே பார்த்து, அலங்காரக்காரரிடம் நயமாகப் பேசி ஒரு பக்கம் ஒதுக்கச் சொன்னால் நடக்கும். காலையில் சொன்னால் நடக்காது.

அடுத்த சிக்கல் நிறம். கண் தானாகச் சமன்செய்து கொள்வதைக் கேமரா அப்படியே காட்டிக்கொடுக்கும். ஹாலஜன் விளக்கு 3,200 கெல்வின், மஞ்சள். ‘கூல் டேலைட்’ டியூப் லைட் 6,500 கெல்வின், நீலத்தின் பக்கம். ஃப்ளாஷ் 5,500க்கு அருகில். மூன்றும் ஒரே முகத்தில் விழுந்தால் நெற்றி ஒரு நிறம், கன்னம் ஒரு நிறம். கம்ப்யூட்டரில் ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடும். மேடை மஞ்சளாக இருந்தால் ஃப்ளாஷின் முகத்தில் ஆரஞ்சு ஜெலட்டின் தாளை ஒட்டி, அதையும் மஞ்சளாக்கிவிட்டு, கேமராவின் ஒயிட் பேலன்ஸை 3,200 பக்கம் இறக்குவது நல்ல வழி. சின்னத் தாள்தான், ஆல்பத்தில் தெரியும் வித்தியாசம் பெரிது.

எல்இடி வந்த பிறகு புதிய தலைவலி ஒன்றும் சேர்ந்தது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மலிவான எல்இடி விளக்கு வினாடிக்கு 100 தடவை மங்கிப் பளிச்சிடும். கண்ணுக்கு அது தெரியாது. ஷட்டர் வேகத்தை 1/500க்கு ஏற்றினால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகளாகத் தெரியும். 1/100 அல்லது 1/50இல் வைத்தால் பெரும்பாலும் மறையும். மிரர்லெஸ் கேமராவில் சத்தமே வராத எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டால் பட்டைகள் இன்னும் மோசமாகும். எல்இடி திரைக்கு முன்னால் எடுக்கும்போது இரண்டு மூன்று வேகங்களில் சோதித்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

வீட்டில் இருக்கும் பழைய ஆல்பத்தைத் திறந்தால் மணமக்கள் பளிச்சென்றும் பின்னணி கன்னங்கரேலென்றும் இருப்பதைப் பார்க்கலாம். ஐஎஸ்ஓ 100 ஃபிலிம், அப்பெர்ச்சர் எஃப் 8, ஷட்டர் 1/60 என்று வைத்தால் மண்டபத்து வெளிச்சம் ஃபிலிமில் பதிவாகவே ஆகாது. ஃப்ளாஷ் தொட்டது மட்டுமே பதிவாகும். 120 ரோலில் 6×6 செ.மீ. அளவில் 12 படங்கள்தான். ஆகவே ஒவ்வொரு கிளிக்கும் காசு. ‘அசையாதீங்க’ என்ற கட்டளையும் அந்தக் கணக்கில் பிறந்ததே. 2007இல் வந்த நிக்கான் டி3, ஐஎஸ்ஓ 6,400இலும் பயன்படுத்தக்கூடிய படம் தந்தது. 2008இல் வந்த கேனன் 5டி மார்க் 2, போட்டோ கேமராவிலேயே முழு எச்டி வீடியோவைக் கொண்டுவந்தது. அதன் பிறகு பின்னணியில் நாதஸ்வரக்காரரும் அட்சதைத் தட்டும் ஒன்றுவிட்ட அத்தையும் தெரியத் தொடங்கினார்கள். ‘கேண்டிட்’ என்ற தனிப் பிரிவு வளர்ந்ததற்கு ரசனை மாற்றம் மட்டும் காரணமில்லை. இருட்டில் பார்க்கும் கேமரா கைக்கு வந்ததும் ஒரு காரணம்.

ஃப்ளாஷின் அடிப்படை ஒரே ஒரு விதியில் அடங்கும்: தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்பங்காகும். குரூப் போட்டோவில் விளக்குக்கும் முன்வரிசைக்கும் இடையே 2 மீட்டர், பின்வரிசைக்கு 3 மீட்டர் என்றால், பின்னால் நிற்கும் தாத்தாவுக்கு முன்னால் இருக்கும் பேரனுக்குக் கிடைத்ததில் பாதிகூடக் கிடைக்காது. விளக்கை 5 மீட்டருக்குப் பின்தள்ளினால் பின்வரிசைக்கு ஏறக்குறைய 70 சதவீதம் கிடைக்கும். கணக்கு தெரியாமல் விளக்கின் சக்தியை மட்டும் கூட்டுபவர்கள் பேரனை வெளுக்க வைக்கிறார்கள். தாத்தா அப்படியே இருட்டில் நிற்கிறார்.

கேமரா மேலேயே மாட்டி நேராக அடிக்கும் ஃப்ளாஷ் முகத்தைத் தட்டையாக்கும். வியர்த்த நெற்றியில் வெள்ளைத் திட்டு போடும். மேலே திருப்பி விட்டத்தில் அடித்துத் திரும்ப வாங்குவது வீட்டுக்குள் நன்றாக வேலை செய்யும். மண்டபத்தில் விட்டம் 20 அடி உயரம். போய்த் திரும்புவதற்குள் ஒளி தேய்ந்துவிடும். விட்டத்துக்குப் பச்சை பெயின்ட் அடித்திருந்தால் முகமும் பச்சை. உச்சியிலிருந்து இறங்கும் ஒளி கண்குழிகளையும் கறுப்பாக்கும். பக்கச் சுவரிலோ, உதவியாளர் பிடிக்கும் தெர்மாகோல் அட்டையிலோ அடித்து வாங்குவது மேல். ரிசப்ஷன் மேடையில் ஸ்டாண்டு போட்டு, குடையோ சாஃப்ட் பாக்ஸோ மாட்டி, மணமக்களுக்கு 45 டிகிரி பக்கவாட்டில், தலைக்குச் சற்று மேலே வைத்துவிட்டால் இரவு முழுக்கக் கவலையில்லை. தாத்தாவின் மூக்குக்கண்ணாடியில் குடை தெரிந்தால் விளக்கை இன்னும் கொஞ்சம் உயர்த்த வேண்டும், அவ்வளவுதான்.

பட்டுக்கு இந்தப் பக்கவாட்டு ஒளி மிக முக்கியம். காஞ்சிபுரம் ஜரிகை உலோகம். வெள்ளி இழையில் தங்க முலாம். நேரே அடித்த ஒளியை நேரே திருப்பி அனுப்பும். பக்கத்திலிருந்து வரும் ஒளியில்தான் நெசவின் மேடுபள்ளம் தெரியும். அரக்குச் சிவப்புக் கூறைப் புடவை இன்னொரு கண்ணி. மஞ்சள் விளக்கில் சென்சாரின் சிவப்பு மட்டும் முதலில் நிரம்பி வழிந்துவிடும். புடவை வெறும் சிவப்புத் தாளாக, மடிப்பே இல்லாமல் பதியும். மொத்த ஹிஸ்டோகிராம் சரியாக இருப்பதுபோலவே காட்டும். சிவப்புக்கான ஹிஸ்டோகிராமைத் தனியே பார்க்கப் பழகியவருக்குத்தான் தப்பு தெரியும்.

வேட்டியும் மீட்டரை ஏமாற்றும். கேமராவின் மீட்டர் காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பலாக எண்ணிக்கொள்கிறது. மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியும் சட்டையும் ஃபிரேமை நிறைத்தால் அதைச் சாம்பலாக்க முயன்று முகத்தை இருட்டாக்கிவிடும். மாநிற முகங்களுக்கு எக்ஸ்போஷரைச் சற்றே கூட்டுவது முறை. வெளுப்பாக்குவது வேறு விஷயம். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறமாக ஆல்பத்தில் தோன்றுவதற்குப் பவுடர் பூசிய பியூட்டிஷியன் பாதிப் பொறுப்பு என்றால், கம்ப்யூட்டரில் தோலை வெள்ளையடிக்கும் எடிட்டர் மீதிப் பொறுப்பு. ‘பொண்ணு கொஞ்சம் கலரா தெரியணும்’ என்ற கோரிக்கையும் இதன் பின்னால் இருக்கிறது. அதற்குத் தலையாட்டும் முன், சரியான வெளிச்சத்தில் எடுத்த ஒரு படத்தைப் பிரிண்ட் போட்டுக் காட்டுவது பல வீடுகளில் பேச்சை முடித்துவைக்கும்.

ஹோமப் புகையில் நேர் ஃப்ளாஷ் அடிப்பது பனிமூட்டத்தில் காரின் ஹெட்லைட்டைப் போடுவது போலத்தான். புகை முழுக்க வெள்ளைத் திரையாகும். அதே புகைக்குப் பின்னாலோ பக்கத்திலோ ஜன்னல் இருந்தால், அது படத்துக்கே அழகாகிவிடும். அந்த நேரத்தில் ஃப்ளாஷை அணைத்துவிடுவதே நல்லது.

தாலி கட்டும் நேரம் தனி. மாலை மாற்றுவதை இன்னொரு தடவை செய்யச் சொல்லும் துணிச்சல்காரர்கள் உண்டு. தாலியை யாரும் அப்படிச் சொல்ல முடியாது. ஐயர் கையை உயர்த்த, கெட்டிமேளம் வெடிக்க, அதுவரை நாற்காலியில் இருந்த அத்தனை பேரும் மேடையை நோக்கி எழுவார்கள். வீடியோக்காரர் நடுவில் நிற்பார். அது அவர் இடம் என்று எழுதாத ஒப்பந்தம். மாப்பிள்ளை முன்னாலிருந்து கழுத்தைச் சுற்றிக் கையைக் கொண்டுபோகும்போது பெண் தலை குனிவாள். நேர் எதிரே நிற்பவருக்குக் கிடைப்பது உச்சந்தலையும் நெற்றிச்சுட்டியும்தான். பெண்ணின் பக்கமாக, சற்றுத் தாழ்ந்து உட்கார்ந்தவருக்கு அவள் கண் கிடைக்கும். முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் நாத்தனார் போடும் வழக்கமுள்ள குடும்பங்களில் இரண்டாவது கேமரா பின்பக்கம், ஒரு ஸ்டூல் மேல் இருந்தாக வேண்டும். 1/200 ஷட்டர், எஃப் 4, ஐஎஸ்ஓ 1,600, ஃப்ளாஷ் குறைந்த சக்தியில் என்பது தொடங்குவதற்கு ஏற்ற அமைப்பு. எஃப் 1.8இல் திறந்துவிட்ட 85 மி.மீ. லென்ஸ் 2 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 6 செ.மீ. ஆழத்தைத்தான் கூர்மையாகக் காட்டும். மாப்பிள்ளையின் விரல் தெளிவாக, பெண்ணின் முகம் மங்கலாக முடியும். பறக்கும் அட்சதையிலும் தூர விதி வேலை செய்யும். லென்ஸுக்கு அரை மீட்டரில் பறக்கும் அரிசி, ஃப்ளாஷில் வெள்ளை உருண்டையாகி முகத்தை மறைக்கும். விளக்கு கேமராவை விட்டுத் தள்ளி இருந்தால் அதே அரிசி சிறு புள்ளிகளாகச் சிதறும்.

சடங்கின் வரிசை தெரிந்தவருக்கு அடுத்த இடம் முன்கூட்டியே தெரியும். அம்மி மிதிக்கும்போது மாப்பிள்ளை குனிந்து மெட்டி போடுவார். மேலிருந்து எடுத்தால் அவர் முதுகின் நிழல் பெண்ணின் பாதத்தை மூடும். தரையில் முழங்கையூன்றி, விளக்கையும் தாழ்த்த வேண்டும். அருந்ததி பார்க்க வாசலுக்கு அழைத்துப் போகும்போது போட்டோகிராபர் ஓடி முன்னால் வெளியே நின்றால், இருவர் முகத்திலும் காலை வெளிச்சம் விழும். அவர்களுக்குப் பின்னாலேயே போனால் வாசல் ஒளிக்கு எதிரே இரண்டு கறுப்பு உருவங்கள். தேவாலயத் திருமணத்தில் ஃப்ளாஷுக்குத் தடை இருக்கலாம். நிக்காஹ்வில் பெண் வேறு அறையில் இருக்கலாம். பங்குத்தந்தையிடமும் ஜமாத்துப் பெரியவரிடமும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது மரியாதையும்கூட.

போஸ் என்பது ரிசப்ஷன் மேடையில் பெரும்பாலும் பொறுமைச் சோதனை. ஒரு குழுவுக்கு 20 வினாடி என்றாலும் 150 குழுக்களுக்கு 50 நிமிடம். அந்த 50 நிமிடமும் சிரித்த முகத்தில் சிரிப்பு மிஞ்சாது. ஆகவே மணமக்களைத் தனியாக எடுக்க வேண்டிய படங்களை வரிசை தொடங்குமுன் முடித்துவிட வேண்டும். உடம்பை லேசாகத் திருப்பி, எடையைப் பின்காலில் வைத்து, பருத்த மாலைக்கு மேல் கழுத்து தெரியும்படி முகவாயைக் கொஞ்சம் முன்னே நீட்டச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி கை. சும்மா தொங்கும் கை செத்த கைபோல் தெரியும். மாலையைச் சரிசெய்யச் சொன்னால் உயிர் வந்துவிடும். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து, பாட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது ‘இன்னும் நெருங்கி நில்லுங்க சார்’ என்று கட்டாயப்படுத்துவதில் கிடைப்பது சங்கடம் மட்டுமே. ‘மேடம், சார்கிட்ட ஏதாவது ரகசியம் சொல்லுங்க’ என்றால் நெருக்கமும் வரும், நிஜச் சிரிப்பும் வரும். குரூப் படத்தில் 24 மி.மீ. லென்ஸ் ஓரத்தில் நிற்பவர்களை அகலமாக்கும். பின்னால் போக இடமிருந்தால் 50 மி.மீ. போதும். கண் மூடுபவர்களுக்கு, எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, மூன்று எண்ணித் திறக்கச் சொல்வது பழைய தந்திரம்.

கை தேறுவது கல்யாணம் இல்லாத நாட்களில். கறுப்பு மண்பானை, வெள்ளைத் துண்டு, பித்தளைக் குத்துவிளக்கு மூன்றையும் ஒரே ஃபிரேமில் வைத்து, ஒரே விளக்கால் மூன்றின் விவரமும் தெரியும்படி எடுத்துப் பார்த்தால், கூந்தல், வேட்டி, நகை மூன்றுக்குமான பாடம் அதில் வந்துவிடும். கெட்டுப்போன படங்களை உடனே அழிக்காமல் தனி ஃபோல்டரில் போட்டு, எக்ஸிஃப் விவரத்தில் ஷட்டர், அப்பெர்ச்சர், ஐஎஸ்ஓ பார்த்தால் ஒரே தப்பு திரும்பத் திரும்ப வருவது புரியும். அனுபவமுள்ளவருக்கு இரண்டாவது கேமராவாகப் பத்துக் கல்யாணம் போவது எந்தப் பயிலரங்கையும்விட அதிகம் கற்றுத்தரும். அவர் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் நகர்கிறார் என்பதைக் கவனித்தால் போதும். பிரிண்ட் போட்டுப் பார்ப்பதும் அவசியம். போன் திரையில் பளபளத்த படம், 12×36 அங்குலக் கரிஷ்மா ஆல்பத்தின் விரித்த பக்கத்தில் வரும்போதுதான் புடவையின் சிவப்பு வழிந்ததும், தாத்தா இருட்டில் நின்றதும் வீட்டார் கண்ணில் படும்.

(தொடரும்)