ஏலகிரி ஏறாமலே அடைத்த காது

ராணிப்பேட்டை தோல் ஷாப்பில் பஃபிங் மிஷினில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறேன். வீடு ஆற்காட்டில், பாலாற்றுப் பாலம் தாண்டினால் வேலை. போன மார்கழியில் பிடித்த சளி தை பிறந்தும் விடவில்லை. கன்னம் கனத்தது, குனிந்தால் புருவத்துக்கு மேல் குத்தியது. பிறகு ஒரு ராத்திரி காதில் ஓயாத இரைச்சல்.

"எங்கேயோ மோட்டார் ஓடுது பாரு."

"கரண்டே இல்ல, இன்னா மோட்டாருங்க?" என்றாள் மனைவி.

நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றினோம். அடைப்புதான் கூடியது. காது மூக்கு தொண்டை டாக்டரோ காதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மூக்கைப் பற்றியே விசாரித்தார். எனக்கு எரிச்சல்.

"ஏலகிரிக்கு பஸ்ஸில போயிருக்கீங்களா?" என்றார். போகாமல்? 14 கொண்டை ஊசி வளைவு. பாதியில் காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் 'டப்'பென்று விடும். அப்போது திறப்பது, செவிப்பறைக்குப் பின்னாலிருந்து மூக்கின் பின்பக்கம் வரை போகிற மூன்றரை சென்டிமீட்டர் குழாய். 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய மருத்துவர் யூஸ்டாகியின் பெயரால் யூஸ்டேக்கியன் குழாய் என்கிறார்கள். சும்மா இருக்கையில் மூடியிருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் திறந்து காற்றழுத்தத்தைச் சமன் செய்யும்.

எனக்கு வந்தது சைனஸ் அழற்சி என்றார். சைனஸ் என்பவை மூக்கைச் சுற்றி எலும்புக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் காற்றறைகள். அங்கே அழற்சி வந்தால் மூக்கின் உட்சவ்வும் வீங்கும், சளி பின்பக்கம் வழியும். குழாயின் வாய் அடைபடும். உள்ளே மாட்டிய காற்றை உடம்பு மெல்ல உறிஞ்சிக்கொள்ள, செவிப்பறை உள்வாங்கிவிடும். வெளிச்சத்தம் மங்கும். அதில் அமுங்கிக் கிடந்த உள் இரைச்சல் எடுப்பாகக் கேட்கும்.

காய்ச்சி ஆறிய தண்ணீரில் உப்புப் போட்டு மூக்கைக் கழுவச் சொன்னார். ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதினார். நானே கடையில் வாங்கி விட்டுக்கொண்ட மூக்குச் சொட்டு மருந்தை நிறுத்தினார். ஒரு வாரம் தாண்டினால் அதுவே மூக்கை அடைக்குமாம். மூன்றாவது வாரம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, 'டப்'!

இரைச்சல் பாதி போயிற்று. மீதி போகவில்லை. சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டிச் சோதித்தார்கள். வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு காதுக்கும் பள்ளம். அது மிஷின் சத்தம் தோண்டிய பள்ளம். உட்காதின் நுண்மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. காதிரைச்சல்காரர்கள் பலருக்கும் காரணம் இந்த உட்காதுதான். எனக்கு மூக்கும் சேர்ந்துகொண்டது.

ஷாப்பில் நாங்கள் காதில் எதுவும் வைத்ததில்லை. முகத்துக்கு ஒரு கைக்குட்டை. தோல் தூசி மூக்கில் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு பக்கம் மட்டும் மூக்கு அடைக்கிறதா, ரத்தம் வருகிறதா என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்டது அதற்குத்தான். ஒரே காதில் இரைச்சல், நாடியோடு சேர்ந்து துடிக்கும் இரைச்சல் என்றால் தள்ளிப்போடாதீர்கள் என்றார். திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும்.

இப்போது டிபன் பையில் காதடைப்பானும் மாஸ்க்கும் இருக்கின்றன. வேறு சத்தம் இருந்தால் மீதி இரைச்சல் அவ்வளவாகத் தெரிவதில்லை என்று ராத்திரியில் ஃபேனை ஓடவிடுகிறேன், மார்கழியிலும். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு மனைவி திட்டுவது மட்டும் தெளிவாகக் கேட்கிறது.