இமை இறங்கினால் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுங்கள்

கடலூர் மாவட்டத்தில் நெஞ்சு ஆபரேஷன் என்றால் சிலர் ஜிப்மருக்குப் போகிறார்கள், சிலர் சென்னைக்கு ரயில் ஏறுகிறார்கள். தையல் ஆறி வீட்டுக்கு வந்த பிறகுதான் யாராவது கேட்பார்கள்: "என்னப்பா, ஒரு கண்ணு சின்னதாத் தெரியுது?" அடுத்து கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பார்கள். பார்வை சரியாகவே இருக்கும்.

கோளாறு கண்ணில் இல்லை. இமையைத் தூக்கிப் பிடிக்கவும் பாவையை விரிக்கவும் உதவும் நரம்பு சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு விருத்தாசலம் சுற்றிப் போவது மாதிரி போகிறது. மூளையில் கிளம்பி, தண்டுவடம் வழியே மார்பு வரை இறங்கி, முதல் விலா எலும்பருகே வெளியே வந்து, நுரையீரலின் உச்சியை ஒட்டி மேலேறி, கழுத்துத் தமனியோடு சேர்ந்து கண்ணுக்கு வருகிறது. பைபாஸின்போது மார்பெலும்பைப் பிளந்து விரிக்கையில் மேல் விலா முறிந்து அந்த நரம்பை இழுக்கலாம். நீர் வடிய வைத்த ஐசிடி குழாயின் நுனி உச்சியில் போய் அழுத்தலாம். உள்ளங்கை வியர்வைக்காகச் செய்யும் ஆபரேஷனில் வெட்டு கொஞ்சம் மேலே போனாலும் இதே கதிதான்.

1869இல் சுவிட்சர்லாந்தின் கண் மருத்துவர் ஹார்னர் 40 வயதுப் பெண் ஒருவரிடம் கண்டு எழுதியதால் இந்தக் கோளாறுக்கு ஹார்னர் நோய்க்குறி என்று பெயர். இமை இறங்குவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். பாவை சுருங்கியிருக்கும். கத்திரி வெயிலில் நெற்றியின் ஒரு பாதியில் வியர்வை வழிய, மறுபாதி உலர்ந்தே இருக்கும். நம் ஊரில் இதைவிட எளிதான அடையாளம் வேண்டுமா?

வெளிச்சத்தில் பாவைகளை ஒப்பிட்டால் வித்தியாசம் அவ்வளவாகப் பிடிபடாது. விளக்கை அணைத்து மங்கலில் பார்த்தால் நல்ல கண் சட்டென விரியும். மற்றது சில நொடிகள் தயங்கித்தான் விரியும். அப்ராக்ளோனிடின் சொட்டு விட்டால் நேர்மாறு: சுருங்கிய பாவை விரிந்து, இமையும் ஏறும். சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அண்ணாமலை நகரில் 1985இல் ராஜா முத்தையா கல்லூரியாகத் தொடங்கி, இப்போது அரசு மருத்துவக் கல்லூரியாகிவிட்ட வளாகத்தில் கண் பிரிவும் நெஞ்சுப் பிரிவும் ஒரே இடத்தில்தான். ஆனால் கண் ஓ.பி.யில் நெஞ்சைப் பற்றி யாரும் தானாகக் கேட்பார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. சம்மரியை நாம்தான் நீட்ட வேண்டும்.

இமை இறங்கியதோடு கழுத்து வலியும் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தமனிச் சுவர் கிழிந்திருக்கலாம். ஆபரேஷன் எதுவும் செய்யாத பீடிக்காரருக்குத் தோள் வலியோடு இது வந்தால் நுரையீரல் உச்சியில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு பார்வையே மங்கினால் அது வேறு நோய், அதுவும் அவசரம்.

குழாய் அழுத்தியதுதான் காரணம் என்றால், சீக்கிரம் பின்னுக்கு இழுத்துவிட்டால் நரம்பு தேறுவதுண்டு. வெட்டுப்பட்டது தேறுவது அரிது. இமையை மட்டும் சின்ன ஆபரேஷனில் தூக்கிவிடலாம்.