மூன்று வழி, ஒரே வெள்ளம்

சென்னைக்குத் தெற்கே உள்ள கேளம்பாக்கத்திலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் போக நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. பழைய மகாபலிபுரம் சாலையில் வடக்கே போய், துரைப்பாக்கத்தில் திரும்பி, 200 அடி ரேடியல் சாலையில் பல்லாவரம் சேரலாம். சோழிங்கநல்லூரில் திரும்பி மேடவாக்கம், தாம்பரம் என்று போகலாம். அல்லது மேற்கே மாம்பாக்கம், கண்டிகை தாண்டி வண்டலூரில் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடிக்கலாம். ஒன்று அடைத்துக்கொண்டால் இன்னொன்று என்பது இங்கே குடியிருப்பவர்களின் கணக்கு. வாகன நெரிசலுக்கு அந்தக் கணக்கு சரி. மழைக்குச் சரிவராது.

முதல் வழியின் ரேடியல் சாலை பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஊடறுத்துப் போகிறது. இரண்டாவது வழி பெரும்பாக்கத்தில் அதே சதுப்பின் தென்பகுதியைத் தொடுகிறது. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகக் கணக்கிடப்படும் இந்தச் சதுப்பில், 2022-இல் ராம்சார் தளமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது 1,248 ஹெக்டேர். நிலம் சுருங்கியது, அதற்கு வரும் நீர் சுருங்கவில்லை. தென்சென்னையிலும் தாம்பரத்தைச் சுற்றியும் உள்ள ஏரிகளின் உபரிநீர் இன்னும் இங்கேதான் வந்து சேருகிறது.

அது வெளியேற முக்கிய வழி ஒன்றுதான்: ஒக்கியம் மடுவு என்னும் நீரோடை. அங்கிருந்து மகாபலிபுரம் சாலைக்கு அடியில் புகுந்து பக்கிங்காம் கால்வாய். பிறகு தெற்கே ஏறத்தாழ 15 கி.மீ. ஓடி, முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடல். பக்கிங்காம் கால்வாய் 19-ஆம் நூற்றாண்டில் படகுப் போக்குவரத்துக்காக வெட்டப்பட்டது. படகுக்கு நீரோட்டம் தேவையில்லை. ஆகவே சரிவும் கொடுக்கவில்லை. இன்று அதுவே இந்தப் பகுதியின் வடிகால்.

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலையில் நின்றால் இந்த ஏற்பாடு கண்ணுக்குத் தெரியும். இருபுறமும் உப்பளப் பாத்திகளும் உப்பங்கழியும். நீர்மட்டம் சாலைக்குச் சற்றுக் கீழே, எந்தப் பக்கமும் சாயாமல் கிடக்கும். கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடுவதுண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கரையில் கடல்மட்டம் ஆண்டின் மற்ற மாதங்களைவிட உயர்ந்திருக்கும். புயல் அதை இன்னும் உயர்த்தும். அந்த நேரத்தில் ஓதம் ஏறினால், அதாவது அலையேற்றம் வந்தால், வடக்கிலிருந்து வரும் வெள்ளம் வெளியேற முடியாமல் கழியிலேயே தேங்கும். கேளம்பாக்கம் அந்தக் கழியின் மேற்குக் கரை.

மூன்றாவது வழியின் நீர் வேறு. வண்டலூருக்கு மேற்கே மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் அடையாற்றின் தலைப்பகுதி. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பெய்தது. முடிச்சூரில் மக்களைப் படகில் மீட்டார்கள். 2023 டிசம்பர் 30-இல் வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே மாறின. அந்த நெரிசலும் இப்போது இதே ஜி.எஸ்.டி. சாலையில்.

மூன்று வழிகளும் போய்ச் சேரும் விமான நிலையத்தில், இரண்டாவது ஓடுபாதையை நீட்டிக்க அடையாற்றின் மேலேயே பாலம் கட்டினார்கள். 2015-இல் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அந்த ஆற்றில் விநாடிக்கு 29,000 கனஅடி திறக்கப்பட்டது. டிசம்பர் 1 இரவு மூடிய நிலையத்திலிருந்து பயணிகள் விமானம் மறுபடி புறப்பட்டது 6-ஆம் தேதி. இடைப்பட்ட நாட்களில் அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து சில விமானங்கள் இயங்கின. கேளம்பாக்கத்திலிருந்து அது 80 கி.மீ.க்கு மேல்.

அதன் பிறகு வந்த புயல்களிலும் நிலையம் மூடியது. 2016 டிசம்பர் 12, வர்தா: காற்றுக்காக. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம்: ஏறத்தாழ ஒரு நாள். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல்: நண்பகல் முதல் மறுநாள் அதிகாலை வரை. மிக்ஜாமுக்குப் பிறகு பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் பல நாட்கள் நீர் வடியவில்லை. விமான நிலையம் திறந்த பிறகும் சாலை திறக்கவில்லை என்று பொருள்.

சாலைக்கு மாற்று மெட்ரோ ரயில். அதன் இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ. அதில் மகாபலிபுரம் சாலைத் தடம் சிறுசேரி சிப்காட்டில் நின்றுவிடுகிறது. கேளம்பாக்கம் அதற்கும் தெற்கே.

மீனம்பாக்கம் நிலையத்தின் நெரிசலுக்குத் தீர்வாக 2022 ஆகஸ்டில் பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் அறிவிக்கப்பட்டது. 5,000 ஏக்கருக்கு மேல் நிலம். அங்குள்ள ஏகனாபுரம் கிராம மக்கள் அந்த ஆண்டிலிருந்தே எதிர்த்துவருகிறார்கள். கேளம்பாக்கத்துக்காரர் அங்கே போக வண்டலூர் போய், வாலாஜாபாத் சாலையில் மண்ணிவாக்கத்தைத் தாண்ட வேண்டும். பரந்தூரிலும் நீர்க் கணக்கு உண்டு: எடுக்கப்படும் நிலத்தில் ஏரிகள் உள்ளன. பாலாற்று நீரைக் கொண்டுவரும் கம்பன் கால்வாய் அந்த நிலத்தைக் கடந்து ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குப் போகிறது. அந்த ஏரியின் உபரி செம்பரம்பாக்கத்துக்கு வருகிறது. செம்பரம்பாக்கத்தின் உபரி அடையாற்றில் விழுந்து, மீனம்பாக்கம் ஓடுபாதைக்கு அடியில் போகிறது.